ஜனவரியில் மிகச் சூடான நாள்

பரீட்சைத் தாளின் நான்காம் பக்கத்தில், ஆறாவது வரியில், 'இனிப் போய் ஒரு கோப்பி குடி' என்று எழுதியிருந்தேன். நீல மையில், வெட்டும் திருத்தமும் இல்லாத கையெழுத்தில். அதற்கு மேலே கணினி நிரலின் ஐந்து வரிகள். கீழே ஒரு வரி. அந்தக் கோப்பிதான் என்னைக் காட்டிக்கொடுத்தது.

நிரல் எழுதுகிறவர்கள் இடையிடையே மனிதர் வாசிப்பதற்காக ஒரு குறிப்பு வைப்பார்கள். கணினி அதைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விடும். எங்களுக்குப் படிப்பித்த கிறகரி அந்தக் குறிப்புகளில் பகிடி விடுகிற மனிதர். பயிற்சிக் கேள்விகள் முப்பத்திரண்டுக்கும் மாதிரி விடைகள் எழுதி வகுப்பின் இணையப் பக்கத்தில் போட்டிருந்தார். பத்தொன்பதாவது கேள்வி, ஒரு வகுப்பில் ஆகக் கூடிய புள்ளி எது என்று கண்டுபிடிப்பது. கோப்பி அதன் விடையில்தான் இருந்தது.

முப்பத்திரண்டையும் நான் பாடமாக்கினேன். செப்டெம்பரிலிருந்து டிசம்பர் வரை, பஸ்ஸில், அடுப்படியில், மகள் வினோஜாவின் நீச்சல் வகுப்பு வாசலில். பகிடிகளையும் சேர்த்தே பாடமாக்கினேன். எது கணினிக்கு, எது மனிதருக்கு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பகிடியை விட்டால் அடுத்த வரி வராது. ஒன்றைப் பிடித்துத்தான் மற்றது வரும்.

டிசம்பர் பரீட்சையில் கேள்வி சற்று மாறி வந்தது. மொன்றியலில் ஜனவரி மாதத்து ஒரு வாரத்தின் வெப்பநிலைகள். அவற்றுள் மிகச் சூடான நாளின் வெப்பநிலையைக் கண்டுபிடிக்க வேண்டும். வாசித்தவுடன் எனக்குச் சந்தோஷம் வந்தது. இது பத்தொன்பது. உடுப்பு மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. தலையைத் தூக்காமல் எழுதி முடித்தேன். 'புள்ளிகள்' என்று இருந்த இடத்தில் 'வெப்பநிலைகள்' என்றுகூட மாற்றவில்லை.

ஜனவரி இரண்டாவது வாரம் பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. என்னுடைய விடை, வெளியிடப்பட்ட மாதிரி விடையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறது. பரீட்சை மண்டபத்துக்குள் அனுமதியில்லாத தாளோ கைபேசியோ கொண்டுவரப்பட்டதா என்று விசாரிக்க வேண்டியிருக்கிறது. வியாழக்கிழமை காலை பத்தரைக்கு வரவும்.

அதை நான் மூன்று தரம் வாசித்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். வந்தது.

*

இங்கே மொன்றியலில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடித்து, இரண்டு வருடம் கல்லூரியில் படித்துவிட்டுத்தான் பல்கலைக்கழகத்துக்குப் போவார்கள். வெளிநாட்டில் படித்தவர்களுக்கும், என்னைப்போல் முப்பத்தைந்து வயதில் கதவைத் தட்டுகிறவர்களுக்கும் ஒரு அடிப்படை ஆண்டு வைத்திருக்கிறார்கள். கணிதம், ஆங்கிலம், நிரலாக்கம். நிரலாக்கத்தில் எழுபது எடுத்தால் கணினிப் பட்டப்படிப்புக்குள் போகலாம். எடுக்காவிட்டால் வெளியே.

நான் செயின்ட்-மிஷேலில் ஒரு மருந்துப் பொருள் கிடங்கில் ஒன்பது வருடம் பெட்டி அடுக்கினேன். ஓகஸ்டில் அந்த வேலையை விட்டேன். என் கணவர் தனோஜன் துறைமுகத்துக்குப் பக்கத்துக் கிடங்கில் இரவு வேலை, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். நான் விடப்போகிறேன் என்றதும் அவர் முகம் சுளிக்கவில்லை. கோயிலில் செருப்புக் கழற்றும் இடத்திலேயே எல்லோருக்கும் சொன்னார்.

"என்ர மனிசி கம்பஸ் போறா. கொம்பியூட்டர்."

ஊரில் எனக்குக் கம்பஸ் தவறியது சில தசமப் புள்ளிகளால். அது அவருக்குத் தெரியும். என்னுடைய ஞாபகசக்தியும் தெரியும். வெளியே போகிற பயணங்களில் எங்களுக்குத் தொலைபேசி இலக்கக் கொப்பி தேவைப்பட்டதில்லை.

பிற்பகல் மூன்று மணிக்கு அவர் நித்திரையால் எழும்பிச் சாப்பிடும்போது, அச்சடித்த விடைத்தாளை இடது கையில் பிடித்துக்கொண்டு என்னைக் கேட்பார்.

"பத்தொன்பது. சொல்லும் பாப்பம்."

நான் சொல்வேன். ஒவ்வொரு அடைப்புக்குறியும், ஒவ்வொரு இடைவெளியும். அவருக்கு அதில் ஒன்றும் விளங்காது. விரலால் வரிகளைத் தொட்டுக்கொண்டு வருவார்.

"இதென்னப்பா, கோப்பி குடிக்கச் சொல்லியெல்லாம் கிடக்கு?"

"அது கிறகரி சேரின்ர பகிடி."

"பகிடியையும் எழுத வேணுமோ?"

"இருக்கட்டும். விட்டால் தடக்கும்."

"அது சரி, மாத்தாதேயும். ஒரு சொல்லும் மாறக் கூடாது."

அந்தச் சொற்களை அவர் முன்பும் ஒருதரம் சொல்லியிருந்தார். அப்போதும் இடது கையில் தாள் இருந்தது.

அது பன்னிரண்டு வருடங்களுக்கு முன், எங்கள் அகதி விசாரணைக்கு முன். வழக்கு என் அண்ணை டனிஸ்ரனைப் பற்றியது. 2008 ஒக்டோபரில், பின்னேரம் ஆறு நாற்பதுக்கு, வீட்டு வாசலில் வைத்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. அதைச் சட்டத்தரணி பதினொரு பந்தியாக எழுதித் தந்தார். உண்மைதான், ஒரு பொய்யும் இல்லை. ஆனால் உண்மை தாளில் இருந்தபடியே வர வேண்டும், திகதி மாறினால் சந்தேகப்படுவார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். நாங்கள் வில்லரேயில் ஒரு அறையில் இருந்தோம். தனோஜன் கட்டிலில் இருந்து தாளைப் பார்க்க, நான் நின்றுகொண்டு என் அண்ணையைப் பாடமாக்கினேன்.

விசாரணையில் ஒரு சொல்லும் தடக்கவில்லை. கடைசியில் அந்த அதிகாரி, கெட்ட மனிதர் இல்லை, கேட்டார்: அன்றைக்கு உங்கள் அண்ணன் என்ன உடுத்தியிருந்தார்?

அது பதினொரு பந்தியில் இல்லை. எனக்கு ஞாபகம் இருந்தது, இருந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் தாளில் இல்லாததைச் சொல்ல வாய் வரவில்லை. ஞாபகமில்லை என்றேன். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொன்னார். எங்களை ஏற்றுக்கொண்டார்கள். அன்று பார்க்-எக்ஸில் ஒரு கடையில் கொத்துரொட்டி சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு எனக்கு உண்மையிலேயே ஞாபகமில்லை. சாரமா, காற்சட்டையா? அந்தப் பின்னேரத்துக்குள் போகப் பார்க்கிறபோதெல்லாம் மூன்றாவது பந்திதான் வருகிறது, சட்டத்தரணியின் ஆங்கிலத்தோடு.

*

விசாரணைக்கு முதல்நாள் ரக்ஷனா தொலைபேசியில் பேசினாள். வகுப்பில் என் பக்கத்துக் கதிரை. பத்தொன்பது வயது, சென்னையிலிருந்து வந்தவள். முதல் நாளே அக்கா என்று ஒட்டிக்கொண்டாள்.

"அக்கா, டென்ஷன் ஆகாதீங்க. நீங்க எதுவும் பண்ணல இல்ல? மனப்பாடம் பண்ணேன்னு அப்படியே சொல்லிடுங்க."

"நம்புவினமோ?"

"நான் நம்புறேன். பிளஸ் டூல கெமிஸ்ட்ரி புக்கை அப்படியே வாந்தி எடுத்தவ நான். ஆனா அக்கா..." அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கப் பார்த்தாள். "சாரோட ஜோக்கைக் கூடவா?"

"ஓம். ஜோக்கையும்தான்."

"நீங்க வேற லெவல் அக்கா."

ஒக்டோபரில் ஒருநாள், உணவுக்கூடத்தில், சுழற்சி எப்படி வேலை செய்கிறது என்று இவள்தான் என்னைக் கேட்டாள். ஒரே வேலையைப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற வரிகளைத்தான் சுழற்சி என்பார்கள். நான் பதினோராவது விடையை முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவள் இடையில் மேசையில் தட்டினாள். "ஓ! அப்போ அது ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்குதா? இப்பப் புரிஞ்சுடுச்சு. தேங்க்ஸ் அக்கா." என்னைக் கட்டிப்பிடித்தாள். அவளுக்கு விளங்கியது. சொன்ன எனக்கு என்ன விளங்கியது என்று அன்று நான் என்னைக் கேட்கவில்லை. அந்தக் கட்டிப்பிடிப்பு போதுமாக இருந்தது. ஒன்பது வருடமாக ஒருவரும் என் மூளைக்காக என்னைத் தேடி வந்ததில்லை.

இடைப் பரீட்சையில் கேள்விகள் பயிற்சியில் இருந்தபடியே வந்தன. எண்பத்தெட்டு. தனோஜன் அந்தத் தாளை ஃபிரிட்ஜில் ஒட்டினார். அது அங்கே இருந்த ஒவ்வொரு நாளும் எனக்குள் ஏதோ ஒன்று அதைப் பார்க்காமல் பால் எடுத்தது. இதைப் பிறகுதான் கவனித்தேன். இல்லை, அப்போதே கவனித்தேன்.

*

அறை சிறியது. கிறகரியும், ஒழுங்கு அலுவலகத்திலிருந்து ஒரு பெண்ணும் இருந்தார்கள். பெண் தண்ணீர் தந்தாள். மேசையில் என் விடைத்தாளும் மாதிரி விடையும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இரட்டைப் பிள்ளைகள்போல.

பரீட்சை மண்டபத்துக்குள் என்ன கொண்டுபோனீர்கள் என்று அவள் கேட்டாள். இரண்டு பேனை, தண்ணீர்ப் போத்தல், அடையாள அட்டை.

"அப்படியானால் இது எப்படி?"

"பாடமாக்கினேன்," என்றேன், ஆங்கிலத்தில்.

"ஒரு விடையையா?"

"முப்பத்திரண்டையும்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கிறகரி கதிரையை முன்னுக்கு இழுத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, ஒருவகையான கூச்சம் இருந்தது. "ஏழாவது?" என்றார். நான் ஏழாவதைச் சொன்னேன். "இருபத்தாறு?" சொன்னேன். இருபத்தாறில் அவருடைய நாயைப் பற்றி ஒரு பகிடி இருக்கிறது. அதையும் சொன்னேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. கிறகரி தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் தனியாக இருக்கும்போது முணுமுணுத்ததை இன்னொருவர் சபையில் திருப்பிச் சொன்னால் அப்படித்தான் இருக்கும்போல.

"போதும்," என்றாள் அவள். "கொப்பியடிக்கவில்லை என்று எனக்குத் தெளிவாகிவிட்டது. குற்றம் எதுவும் பதியப்படாது."

என் முதுகு கதிரையில் சாய்ந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னர் சாய்ந்த அதே மாதிரி.

அப்போது கிறகரி சொன்னார், இந்தக் கேள்விக்கு இன்னும் புள்ளி போடவில்லை, விசாரணை முடியட்டும் என்று விட்டுவைத்திருந்தேன் என்று. அது இல்லாமல் உங்களுக்கு அறுபத்தொன்று. முழுப் புள்ளியும் கிடைத்தால் எழுபத்தொன்று. "எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. அது என்னுடைய பிழை இல்லை, என்னுடைய பயிற்சிக் கேள்விக்கு அது சரியான விடை. இந்தப் பரீட்சைக் கேள்விக்குச் சரியில்லை. ஏன் என்று இப்போது சொன்னால் நான் அதைக் கணக்கில் எடுப்பேன். அவசரமில்லை."

அவர் தாளை என் பக்கம் திருப்பினார். பேனையும் தந்தார்.

ஏழு வரி. 'பெரியது' என்று ஒரு எண். அது பூச்சியத்தில் தொடங்குகிறது. பட்டியலில் உள்ள எண்களை ஒவ்வொன்றாக எடு. அது பெரியதைவிடப் பெரியதானால், பெரியதன் இடத்தில் அதை வை. போய் ஒரு கோப்பி குடி. கடைசியில் பெரியதைச் சொல்.

பார்த்தேன். எழுத்துகள் தெரிந்தன. சொல்லச் சொன்னால் தலைகீழாகவும் சொல்வேன். அவை என்ன செய்கின்றன என்று பார்க்கப் போனால் உள்ளே ஒருவருமில்லை. கதவு திறந்திருக்கிறது, கூப்பிட்டால் பதில் வரவில்லை.

"எல்லா நாளும் பூச்சியத்துக்குக் கீழே இருந்தால்," கிறகரி மெதுவாகச் சொன்னார், "இது என்ன விடை சொல்லும்?"

அவர் பாதி விடையைத் தந்துவிட்டார் என்று இப்போது தெரிகிறது. அன்று அந்த அறையில் அது இன்னொரு மனிதருடைய குரலாகக் கேட்டது. அன்றைக்கு உங்கள் அண்ணன் என்ன உடுத்தியிருந்தார்?

சுவரில் மணிக்கூடு. பத்து ஐம்பத்திரண்டு. ஐம்பத்தேழு. பெண் தண்ணீர்க் கிளாஸை என் பக்கம் தள்ளினாள். நான் திரும்ப முதல் வரியிலிருந்து வாய்க்குள் சொல்லத் தொடங்கியிருந்தேன், உதடு அசைவதை அவர்கள் பார்த்திருப்பார்கள்.

"ஞாபகமில்லை," என்றேன்.

கிறகரி கண்ணை மூடித் திறந்தார். "இது ஞாபகத்தில் இருக்கிற விஷயம் இல்லை," என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது இன்னும் போகவில்லை.

கேள்விக்குப் பூச்சியம். மொத்தம் அறுபத்தொன்று. அடிப்படை ஆண்டிலிருந்து விலக்கம், ஒரு வருடத்துக்குப் பிறகு திரும்ப விண்ணப்பிக்கலாம். அந்தப் பெண் தாளை நிரப்பினாள், இரண்டு இடத்தில் கையெழுத்து வைத்தேன்.

*

மெட்ரோவில் கடைசி நிலையம் வரை வந்து, செயின்ட்-மிஷேலில் பஸ்ஸுக்கு நின்றேன். கண்ணிமை ஒட்டிக்கொள்கிற குளிர். பக்கத்தில் ஒரு ஹெய்ட்டிப் பெண் சால்வைக்குள்ளிருந்து, இந்தக் கிழமை, ஏழு நாளில் ஒரு நாளாவது குளிர் குறையாதா என்று பிரெஞ்சில் யாரையோ கேட்டாள். என்னையாகத்தான் இருக்க வேண்டும், வேறு ஒருவரும் இல்லை. கையுறையைக் கழற்றிக் கைபேசியில் பார்த்தேன்.

மைனஸ் இருபத்திநாலு. மைனஸ் பத்தொன்பது. மைனஸ் இருபத்திரண்டு. மைனஸ் பதினொன்று. மைனஸ் பதினேழு. மைனஸ் இருபது. மைனஸ் இருபத்தாறு.

"ஞாயிற்றுக்கிழமை," என்றேன் அவளுக்கு. "மைனஸ் பதினொன்று."

"ஆ, கோடைகாலம்," என்றாள். சிரித்தோம்.

சிரிப்பு முடிவதற்குள் எனக்கு அது நடந்தது. நான் அதை எப்படிக் கண்டுபிடித்தேன்? இருபத்திநாலைக் கையில் எடுத்தேன். பத்தொன்பது வந்ததும் அதைப் போட்டுவிட்டு இதை எடுத்தேன். இருபத்திரண்டு வந்தது, விட்டேன். பதினொன்று வந்தது, எடுத்தேன். பூச்சியத்தை நான் நினைக்கவே இல்லை. பூச்சியம் இந்தக் கிழமையில் இல்லாத ஒரு நாள். ஆனால் நான் எழுதிய நிரல், முதலாவது நாள் வருவதற்கு முன்னமே, இல்லாத அந்த நாளைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறது. வருகிற ஒவ்வொரு நாளும் அதைவிடக் குளிராகவே இருக்கிறது. அதனால் ஒன்றையும் எடுக்காது. ஏழு நாளும் வந்து போன பிறகு, மிகச் சூடான நாள் பூச்சியம் என்று சொல்லும். நடக்காத ஒரு நாளைச் சொல்லும். புள்ளிகள் என்றால் பரவாயில்லை, பூச்சியத்துக்குக் கீழே ஒருவரும் புள்ளி எடுப்பதில்லை. இங்கே பட்டியலின் முதல் எண்ணில்தான் தொடங்க வேண்டும். இருக்கிறதிலிருந்து.

வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தேன். விரல்கள் வலிப்பதை நிறுத்தியிருந்தன. இது எனக்கு விளங்கும். இவ்வளவுதான். என்னால் முடியாததே என்றால் ஒருவகையில் நிம்மதி, பெட்டி அடுக்கப் பிறந்தவள் என்று திரும்பிப் போய்விடலாம். அந்த நிம்மதியும் இப்போது இல்லை. முப்பத்திரண்டில் ஒன்றையாவது இப்படிக் கையில் எடுத்துப் பார்த்திருந்தால் போதும்.

திரும்பிப் போகலாமா என்று நினைத்தேன். முக்கால் மணித்தியாலம்தான் ஆகிறது. போய்ச் சொன்னால், யாரிடமோ கேட்டுப் பாடமாக்கிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று நினைப்பார்கள். அப்படி நினைக்க அவர்களுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. கையெழுத்தும் வைத்துவிட்டேன்.

பஸ் வந்தது. யன்னல் பக்கம் இருந்தேன். தவறிப் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. வீட்டுக்குப் போகும்வரைக்கும் போய்விடாமல் இருக்கட்டும் என்று அதை எனக்குள் ஒருதரம் சொன்னேன். பூச்சியம் இந்தக் கிழமையில் இல்லாத நாள். முதலாவது எண்ணில் தொடங்க வேண்டும். இரண்டாவது தரம் சொன்னபோது ஒரு சொல் மாறியது, பழைய சொல்லைத் தேடிப் பிடித்துத் திரும்ப வைத்தேன். மூன்றாவது தரம் தடக்கவில்லை. எத்தனை தரம் சொன்னேனோ தெரியாது. இறங்கவேண்டிய தரிப்பைத் தாண்டி ஒரு தரிப்பு போய்விட்டேன்.

*

தனோஜன் வேலையால் வந்து படுக்காமல் காத்திருந்தார். கண் சிவந்திருந்தது. வாசலில் என் சப்பாத்தில் பனி உருகுவதற்கு முன்னம் கேட்டார்.

"என்னவாம்?"

"கள்ளம் செய்யேல்லை எண்டு விட்டிட்டினம்."

"நான் சொன்னனான்தானே!" கையைத் தட்டினார். "எங்கடை ஆக்களின்ரை மூளை எப்பிடி எண்டு இப்ப அவைக்குத் தெரிஞ்சிருக்கும். எல்லாத்தையும் சொல்லிக் காட்டினீரோ?"

"ஓம். ஏழையும் இருபத்தாறையும் கேட்டவை."

"தடக்கினதோ?"

"இல்லை."

"பேந்தென்ன? இண்டைக்குக் கொத்துரொட்டி எடுப்பம். பிள்ளைக்கும் விருப்பம்."

"அறுபத்தொண்டப்பா," என்றேன். "விலத்திப்போட்டினம்."

அவர் விளங்காமல் என்னைப் பார்த்தார். பிறகு, எதற்கென்று தெரியாமல், திரும்பி ஃபிரிட்ஜைப் பார்த்தார். எண்பத்தெட்டு அங்கே இருந்தது.

"எப்பிடி? நீர் ஒரு சொல்லும் மாத்தேல்லையே."

"அதுதான்."

கதிரையில் இருந்தார். ஜக்கெற்றைக் கழற்றாமல் நானும் இருந்தேன். "அந்தக் கேள்வியை விளங்கப்படுத்தச் சொன்னவை," என்றேன். "அங்கை தெரியேல்லை. பஸ்ஸுக்கு நிக்கேக்கைதான் விளங்கிச்சு. இப்ப எனக்கு அது விளங்கும்."

"எங்கை, சொல்லும் பாப்பம்."

பழக்கத்தில் இடது கையை நீட்டினார். தாளுக்காக. தாள் இல்லை. கை மேசையில் கிடந்தது.

சொன்னேன். பூச்சியம் இந்தக் கிழமையில் இல்லாத நாள் என்று தொடங்கி, இருக்கிறதிலிருந்து என்பது வரை. சொல்லும்போது உள்ளே தேடினேன். குளிரில் ஒவ்வொரு எண்ணாகக் கையில் எடுத்துப் போட்ட அந்த அசைவை. சொற்கள் வந்துகொண்டிருந்தன, ஒன்றைப் பிடித்து மற்றது. அவற்றுக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை.

"அட," என்றார். அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. "ஒரு இடமும் தடக்கேல்லை. திருப்பிச் சொல்லும்."

திருப்பிச் சொன்னேன். ஒரு சொல்லும் மாறவில்லை.